அப்பாவுக்கு பைபாஸ், அம்மாவுக்கு டயாலிசிஸ்: நடுவில் நிற்பவருக்கு

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். அப்பாவுக்கு 67 வயது, பல வருஷமாக சுகர், ஆஞ்சியோவில் இதயத்தின் மூன்று ரத்தக்குழாயிலும் அடைப்பு, இன்னும் மூன்று வாரத்தில் பைபாஸ். அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அம்மாவைக் கூட்டிப் போய்க் கூட்டி வந்துகொண்டிருந்தது அப்பாதான். தங்கை தூரத்தில் இருக்கிறாள். 'இந்த மூன்று வாரத்தை எப்படிக் கடப்பது, மனதை எப்படித் தயார் செய்வது' என்று கேட்டிருக்கிறீர்கள். நடுவில் ஒரு வரியை அடைப்புக்குறிக்குள் போட்டு மறைத்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள்: சில ராத்திரி எல்லாம் எப்படியாவது முடிந்தால் போதும் என்று தோன்றுகிறது, நான் கெட்ட பிள்ளையா என்று. உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, நர்ஸ். 22 வருஷ வேலையில் 16 வருஷம் இதய அறுவை சிகிச்சை ஐசியூவில், அதற்கு முன்னால் டயாலிசிஸ் பிரிவில். உங்கள் அப்பாவின் ஆஞ்சியோவை நான் பார்க்கவில்லை, அவருக்கு என்ன ஆகும் என்று சொல்ல நான் ஆளில்லை. ஆனால் ஐசியூ வாசலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். 'முடிந்தால் போதும் சிஸ்டர்' என்று தலையைக் குனிந்தபடி, ஏதோ திருட்டை ஒப்புக்கொள்கிற குரலில், எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். பெற்றவர்கள் போய்ச் சேரட்டும் என்று அவர்களில் யாரும் நினைக்கவில்லை. களைப்பு முடிய வேண்டும் என்று நினைத்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மனதுக்கு இந்த இரண்டையும் பிரிக்கத் தெரிவதில்லை, அவ்வளவுதான். அப்படிச் சொன்னவர்களே காலையில் ஆறு மணிக்கு மருந்துச் சீட்டோடு முதல் ஆளாக நிற்பார்கள். இழப்பு வரும் முன்பே துக்கம் தொடங்கிவிடும் என்பதை மனநல மருத்துவர் எரிக் லிண்டமான் 1944லேயே எழுதியிருக்கிறார். உயிரோடு இருப்பவருக்காக அழுவது அபசகுனமும் இல்லை, துரோகமும் இல்லை. ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். 'எல்லாம் முடிந்தால் போதும்' என்பது 'நான் முடிந்தால் போதும்' என்று மாறினால், அதைக் களைப்பு என்று தள்ளிவிடாமல் அன்றைக்கே ஒரு டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் சரியாக இல்லையென்றாலும் அப்படியே. அப்பா அம்மாவின் டாக்டரிடம் போகிற வழியில் இல்லை, உங்களுக்கென்று தனியாகப் போக வேண்டும்.

சரி, அறுவை சிகிச்சை. 'ஸ்டென்ட் (அடைத்த குழாயை விரித்துப் பிடிக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்தால் இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாமே, எதற்கு நெஞ்சைப் பிளக்க வேண்டும்' என்று உறவினர்கள் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி, அதற்கு ஓரளவு உறுதியான பதில் இருக்கிறது. சுகர் உள்ளவர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட குழாயில் அடைப்பு இருந்த 1,900 பேரை வைத்து ஃப்ரீடம் என்ற பெரிய ஆய்வு நடந்தது, முடிவு 2012ல் வெளியானது. பாதிப் பேருக்கு மருந்து பூசிய ஸ்டென்ட், பாதிப் பேருக்கு பைபாஸ். ஐந்து வருஷத்தில் இறந்தவர்கள் ஸ்டென்ட் பக்கம் 16.3 சதவீதம், பைபாஸ் பக்கம் 10.9 சதவீதம். மாரடைப்பும் பைபாஸ் பக்கம்தான் குறைவு. ஆனால் பக்கவாதம் பைபாஸ் செய்தவர்களுக்கு 5.2 சதவீதம், ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு 2.4 சதவீதம். இந்த இரண்டாவது கணக்கைச் சொல்லாமல் முதல் கணக்கை மட்டும் சொல்கிறவரை நம்பாதீர்கள். அப்பாவுக்கு முன்பே பக்கவாதம் வந்திருந்தால், கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தால், தராசு வேறு பக்கம் சாயலாம். அது அறுவை சிகிச்சை டாக்டரிடம் நேராகக் கேட்க வேண்டியது. 'பம்ப் போட்டு (இதயத்தை நிறுத்தி, அதன் வேலையை இயந்திரத்திடம் விட்டு) செய்வீர்களா, ஓடுகிற இதயத்திலேயே செய்வீர்களா' என்பதைப் பற்றியும் யாராவது உங்களைக் குழப்பியிருப்பார்கள். அதில் உயிர் பிழைப்பதில் பெரிய வித்தியாசம் இருப்பதாக ஆய்வுகள் தெளிவாகக் காட்டவில்லை. அந்த டாக்டருக்கு எது கைவந்த முறையோ அதை அவரிடமே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

ஆபத்து எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். அவசரமாக இல்லாமல் தேதி குறித்துச் செய்கிற பைபாஸில், நல்ல அனுபவமுள்ள இடங்களில், நூறு பேருக்கு ஒன்று முதல் மூன்று பேர் வரை இறக்கக்கூடும் என்பது பொதுவான கணக்கு. இதைக் கூட்டுவதும் குறைப்பதும் இதயத்தின் பம்பிங், சிறுநீரகம், நுரையீரல், வயது போன்றவை. இவற்றையெல்லாம் போட்டு ஒருவருடைய ஆபத்தைக் கணக்கிடும் முறைகள் இருக்கின்றன. 'எங்கள் அப்பாவுக்கு அந்தக் கணக்கு எவ்வளவு வருகிறது' என்று கேளுங்கள், சொல்வார்கள். பொதுவான எண்ணை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் கூட்டிக் கழிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

மூன்று வாரத்தில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் தள்ளிப்போடக் கூடாதவை. அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரையையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போய், எதை எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும், எதை நிறுத்தவே கூடாது என்று எழுதி வாங்குங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் வழக்கமாக ஐந்து நாள் முன்பு நிறுத்தப்படும், ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள், சுகருக்கான சில புதிய மாத்திரைகளை மூன்று நான்கு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இதை நான் சொல்வது நீங்கள் சரியாகக் கேட்டு வாங்குவதற்காக. நீங்களாக நிறுத்துவதற்காக இல்லை, அது ஆபத்தில் முடியும். அப்பா புகைபிடிப்பவராக இருந்தால் இன்றோடு நிறுத்தட்டும். மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி ஒன்று கொடுப்பார்கள். பத்தில் ஐந்து பேர் அதை ஊதிக்கொண்டிருப்பார்கள், அது உறிஞ்ச வேண்டிய கருவி. ஆபரேஷன் முடிந்து வலியில் கற்றுக்கொள்வதைவிட இப்போதே பழகிவிட்டால் பிறகு சளி கட்டாமல் இருக்க அவ்வளவு உதவும். அப்புறம், இதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்: சும்மா உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சு வலி வந்து சில நிமிஷத்தில் அடங்கவில்லை, அல்லது மூச்சுத்திணறலும் வியர்வையும் சேர்ந்து வருகிறது என்றால், அந்த நிமிஷமே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். 'அதான் தேதி குறித்தாயிற்றே' என்று வீட்டில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தேதி அடைப்புக்குத் தெரியாது.

ஆபரேஷன் நாளைப் பற்றி உங்களுக்கு நிறையப் பயம் இருக்கிறது. அந்த நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், தெரிந்துவிட்டால் பயத்தில் பாதி குறைகிறது. ஆபரேஷன் மூன்று மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரம் வரை போகலாம். அதற்கு முன் மயக்கம் கொடுக்க, குழாய்கள் போட ஒரு மணி நேரம், பின்னால் ஐசியூவில் சேர்த்து நிலைப்படுத்த ஒரு மணி நேரம். ஆகவே காலை ஏழு மணிக்கு உள்ளே போனவரை மதியம் வரை பார்க்க முடியாவிட்டால் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. முதலில் பார்க்கும்போது முகம் வீங்கியிருக்கும், கை சில்லென்று இருக்கும், வாயில் குழாய், கழுத்தில் குழாய், நெஞ்சுக்குக் கீழே ரத்தம் வடியும் குழாய். வாயில் குழாய் இருக்கும்வரை பேச முடியாது. கையைப் பிடித்துப் பேசுங்கள், பலருக்குக் காது கேட்கும். இன்சுலின் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து சுகர் கைமீறிவிட்டது என்று பதற வேண்டாம், பெரிய ஆபரேஷன் என்றாலே சுகர் ஏறும். எல்லாம் ஒழுங்காகப் போனால் மறுநாளே நாற்காலியில் உட்கார வைப்பார்கள். 'இந்த நிலையில் இவரை எழுப்புகிறார்களே' என்று எங்கள் மேல் கோபம் வரும், பரவாயில்லை.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது. உங்கள் பயம் முழுவதையும் அந்த ஒரு நாளுக்கே ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள். அந்த நாளில் அப்பாவைச் சுற்றிப் பத்துப் பேர் இருப்பார்கள், ஒவ்வொரு துடிப்பையும் ஒரு இயந்திரம் பார்த்துக்கொண்டிருக்கும். குடும்பங்கள் உடைந்துபோவதை நான் அந்த நாளில் பார்த்ததைவிட டிஸ்சார்ஜுக்கு அப்புறம் வரும் ஆறு வாரத்தில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அப்போது நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். இரண்டாம் மூன்றாம் நாளில் இதயத்துடிப்பு தாறுமாறாகப் போகலாம். பைபாஸ் செய்தவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது இது வருகிறது, மருந்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். வயதானவர்களுக்கு ராத்திரியில் குழப்பம் வரலாம். இடம் தெரியாமல் பேசுவார், குழாயைப் பிடுங்கப் பார்ப்பார், உங்களையே யார் என்று கேட்பார். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். கண்ணாடியையும் காது மெஷினையும் மறக்காமல் கொண்டு போய்க் கொடுங்கள். அது எவ்வளவு உதவுகிறது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு, ஜம்மென்று இருந்த மனிதர் காரணமில்லாமல் அழுவார், சாப்பாடு ருசிக்கவில்லை என்பார், எதற்கு எனக்கு இவ்வளவு செலவு என்பார். பைபாஸுக்குப் பிறகு மனச்சோர்வு நிறையப் பேருக்கு வருகிறது, ஐந்தில் ஒருவருக்கு மேல். சில வாரத்தில் குறையவில்லை என்றால் செக்கப்பில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் சொல்ல மாட்டார். இதய மறுவாழ்வுப் பயிற்சி என்று எழுதிக் கொடுத்தால் தட்டிக் கழிக்க விடாதீர்கள். மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்வதை அது குறைக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. 'பைபாஸ் செய்தால் ஞாபக சக்தி போய்விடும்' என்பதைப் பற்றி மட்டும் நான் உறுதியாகப் பேச மாட்டேன். முதல் சில வாரம் மந்தமாக இருப்பது உண்மை. வருஷக்கணக்கில் வரும் மறதிக்கு ஆபரேஷன் காரணமா, ஏற்கெனவே இருந்த ரத்தக்குழாய் நோய் காரணமா என்றால், இரண்டாவதுதான் பெரும்பங்கு என்று பிற்கால ஆய்வுகள் சாய்கின்றன.

நெஞ்செலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருப்பார்கள். அது ஒட்ட ஆறு முதல் எட்டு வாரம், முழு பலம் வர மூன்று மாதம் கூட ஆகலாம். அதுவரை நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, கையை ஊன்றி எழக் கூடாது, வண்டி ஓட்டுவதை டாக்டர் சரி என்று சொல்லும்வரை நினைக்கவே கூடாது. இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் டிஸ்சார்ஜ் பேப்பரில் இருக்கும். பேப்பரில் இல்லாதது உங்கள் வீட்டில் இருக்கிறது: அம்மா. டயாலிசிஸ் முடிந்து வந்த சாயங்காலம் பி.பி. இறங்கி அம்மா நாற்காலியிலிருந்து எழ முடியாமல் தடுமாறுவார், பக்கத்தில் இருக்கும் அப்பா யோசிக்காமல் கையைக் கொடுத்துத் தூக்குவார். முப்பது வருஷப் பழக்கம், எந்தப் பேப்பரும் அதைத் தடுக்காது. எங்களிடம் ஒருவர் பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தார், எலும்பு அசைந்து 'கடக் கடக்' என்று சத்தம் வருகிறது என்று. மனைவியைக் குளியலறையிலிருந்து எழுப்பிவிட்டிருக்கிறார். மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டியதாயிற்று. அதனால் முதல் ஆறு வாரத்துக்கு, அம்மா டயாலிசிஸிலிருந்து வரும் நேரத்தில் வீட்டில் மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். மற்ற நேரங்களில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், அந்த மூன்று சாயங்காலங்களில் முடியாது. காய்ச்சல், காயத்தில் நீர் கசிவது, அந்தச் சத்தம், ஒரே நாளில் ஒரு கிலோவோ அதற்கு மேலோ எடை ஏறுவது, படுத்தால் மூச்சு முட்டுவது, இவற்றில் எது வந்தாலும் உடனே போன் செய்ய வேண்டும்.

அம்மா விஷயத்தில் ஒரே ஒரு விதி: அப்பாவின் ஆபரேஷனுக்காக அம்மாவின் ஒரு டயாலிசிஸ் கூடத் தவறக் கூடாது. வாரம் மூன்று முறை செய்கிறவர்களுக்கு வாரத்தில் ஒரு இடைவெளி மட்டும் நீளமாக, இடையில் இரண்டு நாள் விட்டு வரும். அந்த நீண்ட இடைவெளியின் முடிவில்தான் அவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று பெரிய ஆய்வுகளிலேயே வந்திருக்கிறது, பொட்டாசியமும் நீரும் சேர்ந்துவிடுவதால். அதோடு இன்னொரு நாளையும் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே ஆபரேஷன் தேதி அம்மாவின் டயாலிசிஸ் நாளில் விழுகிறதா என்று இப்போதே பாருங்கள். விழுந்தால் டயாலிசிஸ் பிரிவில் சொல்லி அந்த வாரம் மட்டும் ஒரு நாள் மாற்றித் தரச் சொல்லுங்கள். மூன்று வாரம் முன்பு கேட்டால் பெரும்பாலும் முடியும், முந்தின நாள் கேட்டால் கஷ்டம். அப்பாவுக்குப் பதில் யார் கூட்டிப் போனாலும், ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) இருக்கும் கையில் ஊசியோ பி.பி. பட்டையோ போட விடக் கூடாது, எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், எந்தப் பழம் கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்பா தலைக்குள் வைத்திருக்கும் இந்தக் குறிப்புகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அவருக்கும் அது நல்லது. ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் மனிதருக்குத் தன்னால் இன்னும் ஒரு உபயோகம் இருக்கிறது என்று தெரிவது சின்ன விஷயம் இல்லை.

இடையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அப்பா ஆறு மாதமாக நெஞ்சு வலியைச் சொல்லாமல் இருந்தார், நான் கவனிக்கவில்லை என்று உங்களையே நொந்துகொண்டிருக்கிறீர்கள். 1999ல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வில், 66 வயதைத் தாண்டி, நோயாளியான துணையைப் பாரம் தாங்கிக் கவனித்துக்கொண்டிருந்தவர்கள் நான்கு வருஷத்துக்குள் இறக்கும் வாய்ப்பு, அப்படிக் கவனிக்க வேண்டியில்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. பாரம்தான் நேரடிக் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நான் வார்டில் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது. துணைக்கு உடம்பு சரியில்லை என்றால் இவர்கள் தங்கள் வலியை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைப்பார்கள். உங்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்றே மறைத்த ஒன்றை நீங்கள் பார்க்கவில்லை. அதற்கு எதற்குக் குற்ற உணர்ச்சி.

அம்மாவிடம் 'சின்ன ஆபரேஷன்' என்று சொல்லி வைத்திருக்கிறீர்களே, அது எனக்குச் சரியாகப் படவில்லை. இது மருத்துவ உண்மை இல்லை, என் அபிப்பிராயம். வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஒருவருக்கு பைபாஸ் என்றால் என்ன என்று பக்கத்துக் கட்டில்காரர் சொல்லிவிடுவார். நீங்கள் சொல்லித் தெரிவது ஒன்று, அவர்கள் சொல்லித் தெரிவது வேறு. டயாலிசிஸ் இல்லாத ஒரு நாளில், அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நெஞ்சைத் திறந்து செய்கிற ஆபரேஷன், ஒரு வாரம் ஆஸ்பத்திரி, ஆறு வாரம் ஓய்வு என்று சொல்லிவிடுங்கள். அழுவார். அழட்டும். அப்பாவிடமும் ஒரு கஷ்டமான பேச்சு பாக்கி இருக்கிறது. அவரால் சொல்ல முடியாத நிலை வந்தால் யார் முடிவெடுப்பது, எதுவரை போகலாம் என்று. எதிரில் உட்கார வைத்துக் கேட்டால் மழுப்பிவிடுவார். நடந்துபோகும்போது, முகம் பார்க்காமல் கேளுங்கள், பதில் வரும்.

தங்கை வர முடியவில்லை என்று கோபம் தெரிகிறது உங்கள் எழுத்தில். அவளுக்கு ஒரு முழு வேலையைக் கொடுங்கள்: உறவினர்களின் எல்லாப் போனும் அவளுக்கே போகட்டும். தினமும் நாற்பது பேருக்கு ஒரே கதையைச் சொல்வதைப் போல ஆளைத் தின்னும் வேலை வேறு இல்லை, அதைத் தூரத்திலிருந்தே செய்யலாம். ஐசியூவிலிருந்து வரும் போன் மட்டும் உங்களுக்கு.

கடைசியாக, ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி அப்பாவிடம் என்ன பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். தைரியம் சொல்ல வேண்டாம், அவர் உங்களுக்குத் தைரியம் சொல்லி வளர்த்தவர், பொய்யைக் கண்டுபிடித்துவிடுவார். வாயிலிருந்து குழாயை எடுத்ததும், கரகரத்த குரலில், இப்படிப்பட்ட அப்பாக்கள் எங்களிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் தங்களைப் பற்றி இருக்காது. 'அவளை இன்றைக்கு யார் கூட்டிப் போனது' என்று கேட்பார்கள். முந்தின ராத்திரியே அந்தப் பெயரை அவரிடம் சொல்லிவிடுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, யாருடைய வண்டியில் என்பதையும் சேர்த்து.